பாட்டாவின் 273 பாகம்

பிப்ரவரி 24

பொழி அடைத்துவிட்டது. பழையாறு கடலில் விழும் வாயில் மணல் ஏறி, மணக்குடிக் காயல் குளம்போல் கிடக்கிறது. பொழி திறந்திருக்கும் மாதங்களில் கடலின் ஏற்றமும் வற்றமும் ஸ்டாப்வாட்சைக் குழப்பும். போக ஒரு நேரம், திரும்ப ஒரு நேரம். இப்போது ஓட்டமே இல்லை. கயாக் துடுப்புப் படகில் 500 மீட்டர், 2 நிமிடம் 12 விநாடி. மூன்று நாளாக இதே நேரம்தான். துடுப்பு வீச்சும் ஏறக்குறைய மாறவில்லை, 228.

இந்த 500 மீட்டரை அளந்து தந்தது பாட்டா, என் தாத்தா. விரித்த இரண்டு கைகளின் நீளம் ஒரு பாகம், அது ஆறடி, அப்படியென்றால் 273 பாகமும் கொஞ்சமும் வரும் என்று அண்ணன் கணக்குப் போட்டான். பாட்டா திண்ணையில் உட்கார்ந்து நைலான் கயிற்றை மார்புக்குக் குறுக்கே இழுத்து இழுத்து அளந்தார். பத்துப் பாகத்துக்கு ஒரு சிப்பி. 27 சிப்பிகள் வரிசையாகச் சேர்ந்தபின் மேலே மூன்று பாகம். அந்தக் கயிற்றைப் பாலத்துப் பக்கத்திலிருந்து காயலின் குறுக்கே பிடித்து, இரண்டு முனையிலும் மிதவை கட்டினோம்.

மார்ச் 2

படகைத் தோளில் வைத்துக்கொண்டு போனால் இன்றும் யாராவது நின்று பார்க்கிறார்கள். 5.2 மீட்டர் நீளம், 12 கிலோ எடை. கடனாகக் கிடைத்த பழைய படகு. முன்முனையான அணியத்தில் இரண்டு ஒட்டு. முதல் தடவை பார்த்தபோது பாட்டா ஒரு கையால் தூக்கி, "இதில் மீன் எங்கே போடுவது?" என்று கேட்டார். கட்டுமரத்தில் துடுப்பாலேயே திசை திருப்பியவர் அவர். இதில் கால் விரலால் ஒரு கம்பியைத் தள்ளினால் பின்முனையான அமரத்துக்கு அடியில் இருக்கும் சுக்கான் திரும்பும் என்றால் நம்ப மறுக்கிறார்.

சுற்றுலாப் படகு என்று நினைத்து, ஒரு சுற்றுக்கு எவ்வளவு என்று கேட்பவர்களும் உண்டு. ஏறி உட்காரச் சொல்ல வேண்டும். அடிப்பாகம் உருண்டை. நான் முதல் மாதம் முழுக்கத் தண்ணீருக்குள்தான் இருந்தேன்.

மார்ச் 8

தேசிய ஜூனியர் அணித் தேர்வு போபாலில் என்று பயிற்சியாளர் சார் உறுதியாகச் சொல்லிவிட்டார். மூன்று பேரை முகாமுக்கு எடுப்பார்களாம். என்னுடைய 2:12-ஐக் கேட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். "நிஜமாகவா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது.

மார்ச் 9

பத்து மணிக்கே கடல்காற்று. பயிற்சி இல்லை.

மார்ச் 16

திருக்குறள் எக்ஸ்பிரஸ். இரண்டு இரவு ரயிலில். அம்மா கட்டித் தந்த மரச்சீனிக்கிழங்கு வறுவல் விஜயவாடாவுக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

மார்ச் 19

பெரிய ஏரி. கடல் மாதிரி அகலம், ஆனால் உப்பு வாசனை இல்லை. ஒன்பது தடங்கள், ஒவ்வொன்றும் ஒன்பது மீட்டர் அகலம், மிதவைகள் கோடு கிழித்ததுபோல் நேராக. காலையில் அவலும் ஜிலேபியும் தந்தார்கள். அவலை மட்டும் தின்றேன்.

தகுதிச் சுற்றில் நன்றாகத்தான் புறப்பட்டேன். இருநூறு வீச்சு வரை என் அணியம் பக்கத்துத் தடத்துக்காரியைவிட முன்னால். 210-இல் இருப்பதையெல்லாம் கொட்டினேன், வழக்கம்போல. 228. கோடு வரவில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தால் இன்னும் எவ்வளவோ தண்ணீர். கைகள் கல்லாகிவிட்டன. நேரம் 2:27. மூன்றாவதாக வந்ததால் இறுதிச் சுற்றில் ஒரு தடம் கிடைத்தது.

ஏரித் தண்ணீர் கனம் என்று சாரிடம் ஏதோ உளறினேன். அவர் பதில் சொல்லவில்லை. "வீட்டில் யார் அளந்தது?" என்று மட்டும் கேட்டார்.

இரவு

அண்ணனுக்குப் போன் செய்து, பாட்டாவை இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி டேப் பிடி என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஐந்தடி ஐந்து அங்குலம். வலது முழங்கை முழுதாக நீளவில்லை" என்றான்.

165 சென்டிமீட்டர். 273-ஆல் பெருக்கினால் 450 மீட்டரும் கொஞ்சமும். இத்தனை மாதம் நான் 50 மீட்டர் குறைவாகத் துழாவியிருக்கிறேன். போனைப் படகில் வைத்து ஒரு தடவை தூரம் பார்த்திருக்கலாம். அண்ணனுடைய போன், நனைத்தால் என்னைக் காயலில் முக்கி எடுத்திருப்பான்.

பின்னால் பாட்டாவின் குரல் கேட்டது. "என் பாகத்தில் பின்னிய வலை ஒன்றாவது ஆழத்துக்கு எட்டாமல் போயிருக்கிறதா? கேள் அவளிடம்."

அதுவும் உண்மைதான். கயிறு, வலை, ஆழம் எல்லாமே அவர் கையால் அளந்தவை. ஆறடி என்று சொன்னது நாங்கள்.

மார்ச் 20

250 வரை எண்ண வேண்டும் என்று இரவெல்லாம் சொல்லிக்கொண்டேன். தொடக்கத்தில் அடக்கி வாசித்தேன், ஆறாவதாகக் கிடந்தேன். 228 வந்தபோது உடம்பு நிற்கப் பார்த்தது. அந்தப் பழக்கம் ஒரே இரவில் போகாது. வாய்விட்டு எண்ணினேன். ஒவ்வொரு படகின் அணியமும் கோட்டைத் தொடும்போது ஒரு ஹார்ன் ஒலிக்கும். எனக்கு முன்னால் மூன்று ஹார்ன் கேட்டது. நான்காவது என்னுடையது. 2:23.

மூன்று பெயர்களைப் படித்தார்கள். கீழே மாற்று வீராங்கனை என்று என் பெயர். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் கூப்பிடுவார்களாம். மூன்று பேரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள்.

மார்ச் 24

பாட்டா என்னிடம் பேசவில்லை. சாப்பிட்டு முடித்ததும் திண்ணைக்குப் போய்க் கயிற்றை எடுத்தார். எத்தனை வேண்டும் என்று அண்ணனைத்தான் கேட்டார். "முப்பது பாகம், உங்கள் கையில்." மூன்று சிப்பி வைத்து அளந்து, முடிச்சுப் போட்டு நீட்டினார். கொத்தனாரின் 30 மீட்டர் டேப்பை வாங்கி வந்து முழுக் கயிற்றையும் சாலையோரம் விரித்து அளந்தோம். 500 மீட்டருக்கு மூன்று விரல் குறைவு. அந்த மூன்று விரலை யாரும் சொல்லவில்லை.

மார்ச் 25

புது மிதவை விழுந்த இடம், தேங்காய்க் கதம்பை, அதாவது மட்டை, ஊறப்போட்டிருக்கும் மூலை. கடைசி 50 மீட்டரும் அந்த நாற்றத்துக்குள்தான். கதம்பைக்காரர் சத்தம் போடுவார் என்று பயந்து அப்பாவையும் அழைத்துப் போனேன். கதம்பைக்காரர் என் படகை மேலும் கீழும் பார்த்தார்.

"கதம்பையை எடுக்க இன்னும் மாதக்கணக்கில் ஆகும். மிதவையைத் தனியாக விடாதே, என் கம்பிலேயே கட்டிக்கொள்" என்றார்.

கட்டிவிட்டு ஒரு தடவை துழாவினேன். 251 வீச்சு, 2:24.