அரக்குப் புடவையும் ரெண்டு மானிட்டரும்

கல்யாண ஆல்பம் ஒண்ணு. பொண்ணோட முகூர்த்தப் புடவை அரக்கு. என் இடது மானிட்டர்ல அரக்காத்தான் இருந்துச்சு, வலதுல செங்கல் கலர். இடதை நம்பி பிரிண்டுக்கு அனுப்பினேன். வந்தது காய்ஞ்ச ரத்தம் மாதிரி இருட்டா. பொண்ணோட அம்மா புரட்டிப் பார்த்துட்டு, "தம்பி, இது நாங்க எடுத்த புடவைதானா?"ன்னாங்க.

நேத்து ராத்திரி நண்பர்கிட்ட கலரிமீட்டர் (ஸ்கிரீனோட கலரையும் வெளிச்சத்தையும் அளக்கிற கருவி) இரவல் வாங்கி உட்கார்ந்தேன். ரெண்டு மானிட்டரையும் அரைமணி நேரம் சூடாக விட்டுட்டு அளந்தா, இடதுல வெளிச்சம் 290 நிட்ஸ் (ஸ்கிரீன் வெளிச்சத்தோட அளவு)! அவ்வளவு வெளிச்சத்துல எடிட் பண்ணினா கண் கூசி நாமளே படத்தை இருட்டாக்கிடுவோம். பேப்பர் தானா ஒளி விடாதே. ரெண்டையும் 120க்கு இறக்கினேன். வெள்ளை 6500 கெல்வின், நடுத்தர டோன்கள் எவ்வளவு வெளிச்சமா தெரியணும்னு சொல்ற காமா 2.2. மீட்டர் பல்லி மாதிரி ஸ்கிரீன்ல ஒட்டிக்கிட்டு ஒவ்வொரு கலர் கட்டமா படிச்சு முடிச்சப்பதான் கவனிச்சேன், ராத்திரில ஸ்கிரீனை மஞ்சளாக்குற நைட் லைட் ஆன்ல இருக்கு. மறுபடி முதல்ல இருந்து.

மானிட்டருக்கு ஒண்ணா ஐசிசி புரொஃபைல் (அந்த மானிட்டர் கலரை எப்படிக் காட்டுதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற ஃபைல்) போட்டாச்சு. சாம்பல் கலர் இப்ப ரெண்டுலயும் சாம்பலாவே இருக்கு. ஆனா வலது பழைய டிஎன் பேனல், நேரா பார்த்தாதான் கலர் சரியா தெரியுற வகை ஸ்கிரீன். தலையைச் சாய்ச்சா புடவையும் கலர் மாறுது. அதுல இனி டூல்பாரும் ஃபோல்டரும் மட்டும்தான்.

14 பக்கம் மறு பிரிண்ட், என் கைக்காசு.