கொரோனிஸ் குடும்பத்தோடு கொஞ்ச காலம்

சிறுகோள் பட்டை முழுவதையும் ஒரே வரைபடத்தில் புள்ளிகளாக இட்டால் திரை கறுத்துப்போகும், ஒன்றும் பிடிபடாது. அதனால் ஒரே பாறை உடைந்து பிறந்ததாகக் கருதப்படும் ஒரே ஒரு சிறுகோள் குடும்பத்தை எடுத்துக்கொண்டேன்: கொரோனிஸ். ஜப்பானிய வானியலாளர் கியோட்சுகு ஹிராயாமா 1918இல் முதன்முதலாக அடையாளம் கண்ட மூன்று குடும்பங்களில் இதுவும் ஒன்று. 1993இல் கலிலியோ விண்கலம் படமெடுத்த ஐடா என்ற சிறுகோள் இந்த வீட்டுப் பிள்ளைதான்.

இருப்பிடம் எளிதாகத் தெரிந்துவிட்டது. அரைப்பேரச்சு (சூரியனிலிருந்து சராசரித் தொலைவு என்று வைத்துக்கொள்ளலாம்) சுமார் 2.82 வானியல் அலகில், அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப்போல் 2.82 மடங்கில், சிறுகோள்கள் அரிதான ஒரு வெற்றிடம், 2.96இல் இன்னொன்று. வியாழன் இருமுறை சூரியனைச் சுற்றும் நேரத்தில் ஐந்து முறை சுற்றும் பாதை முதலாவது. மூன்றுக்கு ஏழு என்பது இரண்டாவது. இந்த இரு சுவர்களுக்கும் நடுவில்தான் குடும்பம் குடியிருக்கிறது.

சாய்வுக் கோணம்தான் என்னை உட்காரவைத்தது. இன்றைய பாதையின் சாய்வு, குடும்பத்துக்குப் பெயர் தந்த கொரோனிஸ் சிறுகோளுக்கு 1.0 பாகை, ஐடாவுக்கு 1.1, லாக்ரிமோசாவுக்கு 1.75, உர்டாவுக்கு 2.2. இவையெல்லாம் ஒரே பாறை உடைந்து பிறந்தவை என்றால் யார் நம்புவார்? ஆனால் இந்தக் கோணங்கள் பூமியின் பாதைத் தளத்திலிருந்து அளக்கப்பட்டவை. சிறுகோள்களின் தளங்களோ, அதற்கு 1.3 பாகை சாய்ந்திருக்கும் வியாழனின் தளத்தை ஒட்டிய ஒன்றைச் சுற்றித் தள்ளாடுகின்றன. அந்தத் தள்ளாட்டத்தைக் கழித்துக் கணக்கிட்ட நிலையான பாதைக்கூறுகளின் அட்டவணை பொதுவில் கிடைக்கிறது. அதைப் போட்டு வரைந்ததும் நான்கும் 2.1 பாகையை ஒட்டி வந்து அடைந்தன. சிதறிக் கிடந்த புள்ளிகள் கெட்டியான ஒரு திட்டாகச் சேர்ந்ததைப் பார்த்தபோது, கணினி இல்லாத காலத்தில் ஹிராயாமா இதைக் கண்டுபிடித்தார் என்பதை நினைத்து மலைத்துப்போனேன்.

அளவு விஷயம் அவ்வளவு சுகமில்லை. வெளிச்சத்தை வைத்து விட்டம் சொல்ல, மேற்பரப்பு எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்பது தெரிய வேண்டும். தனிப் பொலிவெண் (எல்லாவற்றையும் ஒரே தொலைவில் வைத்துப் பார்ப்பதாகக் கொண்டு கணக்கிட்ட பொலிவு) 12 உள்ள பாறை 20 விழுக்காடு ஒளியைத் திருப்பினால் சுமார் 12 கிலோமீட்டர். 5 விழுக்காடு என்றால் 24. கொரோனிஸ் உறுப்பினர்கள் பெரும்பாலும் ஓரளவு பளிச்சென்ற சிலிக்கேட் பாறைகள் என்பதால் முதல் மதிப்பே பொருந்தும். திட்டுக்குள் கரிய பாறை ஒன்று தென்பட்டால் அது வழிப்போக்கன் என்று ஒதுக்கிவிடுகிறேன்.

ஐடாவின் பொலிவு அளவீடுகளை 4.63 மணி நேரச் சுழற்சிக்கு மடித்து, அதாவது எல்லாச் சுற்றுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஒரு சுற்றுக்கு இரண்டு மேடு, இரண்டு பள்ளம். நீண்ட பாறை அகலப் பக்கத்தையும் முனையையும் மாறி மாறிக் காட்டுவதால் வருவது இது. பாதி நேரத்துக்கு மடித்தால் ஒரே மேடாக, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இரு மேடுகளும் சரிசமம் அல்ல என்பதால் புள்ளிகள் தடித்துப்போகின்றன.

இதைவிட வியப்பானது சுழல் அச்சுகளின் கதை. மோதலில் சிதறிய துண்டுகள் கண்டபடி சுழல வேண்டும். 2002இல் ஸ்டீபன் ஸ்லிவன் ஆராய்ந்த கொரோனிஸ் உறுப்பினர்களின் அச்சுகளோ, பேசிவைத்ததுபோல் இரண்டு கூட்டங்களாக நின்றன. சூரிய வெப்பம் வெளியேறும்போது உண்டாகும் மெல்லிய முறுக்கு, நெடுங்காலம் தொடர்ந்து இவற்றைத் திருப்பியிருக்கிறது என்பதே இன்றைய விளக்கம்.

அடுத்து கரின் கொத்து. கொரோனிஸ் குடும்பத்துக்குள்ளேயே சுமார் 58 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்த இன்னொரு உடைப்பின் துண்டுகள் அவை. பாதைகளைப் பின்னோக்கி ஓட்டினால் அவற்றின் கணுக்கள் (பாதை பூமியின் பாதைத் தளத்தை வெட்டும் இடங்கள்) ஒரே திசைக்கு வந்து சேர வேண்டும். நிரல் எழுதியாயிற்று, கணினி இப்போது பத்து லட்சமாவது ஆண்டைத் தாண்டிப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது.