ஹாஸ்டல் ரூம் லைட்: மூணாவது தடவையும் விழுந்துருச்சு

இந்த தடவ நேரா என் மூஞ்சி மேல, ராத்திரி ரெண்டு மணிக்கு. நான் போட்ட சத்தத்துல ரூம்மேட் பல்லின்னு நெனச்சு எந்திரிச்சு, அப்புறம் எல்இடி ஸ்ட்ரிப்புன்னு தெரிஞ்சதும் விடிய விடிய சிரிச்சான்.

ஆணி அடிக்கக்கூடாதுன்னு ரூல், அதனால கட்டிலுக்கு மேல சுவத்துல ஒட்டித்தான் ஆகணும். ஸ்ட்ரிப்போட பின்னாடியே வர்ற டேப் ரெண்டு நாள் தாங்குச்சு. அடுத்து ஃபோம் டேப், ஒரு வாரம். மூணாவதா சுவர ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் தொடச்சு, ஒவ்வொரு இடத்துலயும் அரை நிமிஷம் அழுத்திப் புடிச்சு, ஒரு மணி நேரம் காய விட்டு மாட்டுனேன். நாலே நாள்! தொடைக்கத் தொடைக்க துணியில வெள்ளையா வந்துட்டே இருந்துச்சு, அழுக்கு போகுதுன்னு நெனச்சு இன்னும் நல்லா தேச்சேன், அங்கயே முழிச்சிருக்கணும்.

விழுந்தத திருப்பிப் பாத்தா டேப் பூரா வெள்ளை மாவு. பசை விடவே இல்ல, சுவரோட மேல்தோலையே பிச்சுட்டு வந்திருக்கு. கறுப்புத் துணியால சுவர ஒரு தேய் தேச்சுப் பாருங்க, வெள்ளையா ஒட்டுச்சுன்னா சுண்ணாம்போ, பழைய டிஸ்டம்பரோ (மாவா உதிர்ற பெயிண்ட்)தான், அதுல எவ்வளவு காஸ்ட்லி டேப்பும் வேஸ்ட். எமல்ஷன் (மாவா உதிராத பெயிண்ட்) அடிச்ச சுவர்னா இதே டேப் ஜம்முனு நிக்கும்.

இப்போ சுவர கை கழுவிட்டு கட்டிலோட இரும்புச் சட்டத்துல, பின்பக்கமா, சுவரப் பாத்த மாதிரி ஒட்டிட்டேன். ஆறு நாளாச்சு, அசையல. வெளிச்சம் சுவத்துல பட்டு வர்றதால புள்ளி புள்ளியா தெரியவும் இல்ல, முதல்லயே இப்படி யோசிக்காம போயிட்டேன்.

ஸ்ட்ரிப் எலக்ட்ரிக்கல் கடையில மீட்டர் கணக்குல வாங்கினது, 12 வோல்ட், மீட்டருக்கு 60 எல்இடி. மூணு எல்இடிக்கு ஒரு செம்புக் கோடு இருக்கும், அங்க மட்டும்தான் வெட்டணும். கட்டிலுக்கு மூணு மீட்டர் போச்சு, அடாப்டர ஸ்ட்ரிப் எத்தன வாட்ன்னு பாத்துத்தான் வாங்கணும், மிச்ச ரெண்டு மீட்டர் ஷெல்ஃபுக்கு அடில போகும். ஜன்னலுக்கு ஸ்பிரிங் வச்ச கர்ட்டன் ராடு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், அது அடுத்த மாசம்.

அடாப்டர் வயர் இன்னும் தொங்கிட்டுத்தான் இருக்கு. அத விட பெரிய பிரச்சனை, சுவத்துல மூணு வரிசையா பெயிண்ட் பேந்த தடம். வார்டன் பாக்கறதுக்குள்ள போஸ்டர் போட்டு மறைக்கலாம்னு பாத்தா, போஸ்டர எதுல ஒட்டுறது?