ராணி தலை ரூபாயை கிரேடிங்குக்கு அனுப்பலாமா?

நான் பழைய காசு சேர்க்கிறவன் என்று தெரிந்தால் போதும், சொந்தக்காரர்கள் வாட்ஸப்பில் படம் அனுப்ப ஆரம்பித்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் "இது எவ்வளவு போகும்?" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இப்போது யூடியூப் புண்ணியத்தில் "கிரேடிங் பண்ணினால் லட்சத்துக்குப் போகுமாமே" என்கிறார்கள். கிரேடிங் என்றால் கட்டணம் வாங்கிக்கொண்டு காசின் தரத்தை மதிப்பிட்டுத் தருவது. கடைசியாகக் கேட்டவன் அத்தை மகன். அவனுக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வீட்டுப் பெட்டியில் கிடைக்கிற காசுகளில் முக்கால்வாசிக்கு இந்தச் செலவு தண்டம்.

என்ஜிசி, பிசிஜிஎஸ் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள்தான் இதில் பெரிய பெயர். காசு அசலா என்று பார்த்து, தேய்மானத்தை வைத்து 1 முதல் 70 வரை ஒரு எண் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவார்கள். அதைத்தான் ஸ்லாப் என்கிறோம். 60உம் அதற்கு மேலும் என்றால் கைமாறிப் புழங்காத காசு. இந்த அளவுகோல் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949இல் அங்கத்திய பழைய செப்புக் காசுகளுக்காகப் போட்டது.

சரி, நம் வீட்டு ரூபாய்களுக்கு வருவோம். அத்தை வீட்டில் இருப்பவை விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள், அநேகமாக எல்லாமே பூஜையறைக் காசுகள், வெள்ளி விளக்கோடு சேர்த்து வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை விபூதி போட்டுத் தேய்த்து, இப்போது கண்ணாடி மாதிரி மின்னுகின்றன. அத்தைக்கு அதில் பெருமை. ஆனால் கிரேடிங்கில் அந்த மினுக்கம்தான் வினை. புழங்காத காசை விளக்கு வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்தால் ஒளி ஒரு பட்டையாகச் சுழன்று வரும். தேய்த்த காசில் அது வராது, லென்ஸ் வைத்தால் முடி மாதிரி மெல்லிய கீறல்கள்தான் தெரியும். அதற்கு எண் கொடுக்க மாட்டார்கள், "டிடெயில்ஸ், க்ளீன்ட்" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். கட்டணமும் போய், இது தேய்த்த காசு என்பதற்கு நாமே சான்றிதழ் வாங்கின கதையாகிவிடும். சங்கிலியில் கோக்க வளையம் பற்ற வைத்துப் பிறகு எடுத்த காசுக்கும் இதே கதிதான்.

தேய்க்காத காசு என்றாலும் உடனே அனுப்ப வேண்டியதில்லை. 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாயை 1874 வரை அதே வருடத்தோடு அடித்துத் தள்ளியிருக்கிறார்கள், சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. சாதாரண நிலையில் இருந்தால் அதன் மதிப்பு ஏறக்குறைய வெள்ளியின் மதிப்புதான். எடை 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்லாப்பில் போட்டால் கூடுதலாக என்ன விலை வரும், அதிலிருந்து கட்டணம், போக வர அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ், டீலர் கமிஷன் எல்லாம் கழித்தால் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். விலையைப் பார்க்கும்போது விற்கிறவர் சொல்லும் விலையை நம்பாதீர்கள், ஏலத்தில் உண்மையில் போன விலையைப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்து கிரேடிங் நிஜமாகவே உதவுவது, அசலா போலியா என்பதிலேயே மொத்த விலையும் தொங்கும் காசுக்கு. 1939 ரூபாய் அப்படி ஒன்று, அபூர்வம், போலிகளும் நிறைய. 1940இலிருந்து வெள்ளியைப் பாதியாகக் குறைத்தும் எடையை மாற்றவில்லை என்பதால், பிந்தைய காசில் வருடத்தை 1939 என்று திருத்தியிருந்தால் தராசை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது. 1911 ஜார்ஜ் ரூபாயும் பேர்பெற்றதுதான். ராஜா அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று சர்ச்சையாகி, வெளியே போகாமல் நின்றதை உருக்கிவிட்டு 1912இல் யானையைத் திருத்தி அடித்தார்கள்.

ஆனால் 1911 காசில் ஒரு சிக்கல், யூடியூப்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை. 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாத காசு தொல்பொருள். அதை நாமாக வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. கூரியரில் "பழைய மெடல்" என்று எழுதி அனுப்பு என்று யோசனை சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். இந்தியாவிலேயே சான்று தரும் நிறுவனங்கள் இருக்கின்றன, இங்கேயே விற்கப்போகிற காசுக்கு என்னைக் கேட்டால் அது போதும். 1939க்கு இந்தத் தடை வர 2039 ஆகும்.

அத்தை மகன் பெரிதாக எதிர்பார்த்தது வேறொன்று: ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818. கம்பெனி அப்படி ஒரு காசே அடிக்கவில்லை, அது பிற்காலத்தில் யாரோ அடித்த டோக்கன், அதாவது காசு மாதிரி இருக்கும் வெறும் வில்லை. வைஷ்ணவ தேவி படம் போட்ட 5 ரூபாய்க்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று வருகிற போன்களும் மோசடிதான், பழைய காசு விற்க வாங்க எங்கள் பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது.

அவனிடம் இருப்பதில் எதையும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடியில் கறுத்துப்போய், யாரும் தேய்க்காமல் ஒரு எட்வர்ட் ரூபாய் கிடக்கிறது, அதை மட்டும் பிவிசி பிளாஸ்டிக் இல்லாத உறையில் போட்டு வை, நேரில் வந்து லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன், அதுவரை அத்தை கையில் கொடுக்காதே என்றேன்.