ஊருக்கு அனுப்புவதற்கு முன்

போன வாரம் எங்கள் சந்தில் ஒரு அம்மா, போதைப் பழக்கத்தில் விழுந்த மகனுக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னார். "ஆறு மாசம் தாத்தா வீட்ல கெடக்கட்டும், எல்லாம் மறந்துரும்." எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் என் சித்தியும் இதையேதான் சொன்னார்.

மும்பை தாராவியில் சித்தப்பாவுக்கு இட்லி வியாபாரம். விடியும் முன்பே சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார், தம்பி கூடமாட உதவுவான். துவைக்கப் போட்ட அவன் பேண்ட் பாக்கெட்டில் கறுப்புக் கோடு விழுந்த வெள்ளித்தாள் துண்டுகள் கிடந்தன. சிகரெட் தாள் என்று நினைத்துச் சித்தி குப்பையில் போட்டார். அது கர்த் இழுத்த தாள். பிரவுன் சுகர் என்றால் எல்லோருக்கும் புரியும், அபினிலிருந்து வரும் ஹெராயின் வகைப் போதைப்பொடி. தாளில் பொடியை வைத்து அடியில் சூடு காட்டி, எழும் புகையை உறிஞ்சுவார்கள். அதற்கு அடிமையானவனை இங்கே 'கர்துல்லா' என்பார்கள். அந்தப் பேர் தன் பிள்ளைக்கு வந்துவிடக் கூடாது என்று சித்தி பயந்தார். அதனால் டாக்டரிடம் போகவில்லை. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊருக்கு அனுப்பினார்.

முதல் வாரம் மூக்கொழுகல், கொட்டாவி, வயிற்றுப்போக்கு, ராத்திரி முழுக்கக் கால் குடைச்சல். பொடி நின்றதும் வரும் இந்த அவஸ்தையைப் பையன்கள் டர்க்கி என்பார்கள். அப்புறம் தெளிந்தான். நாலு மாதம் கழித்துக் கன்னம் உப்பி வந்து இறங்கினான். சித்தி குலதெய்வத்துக்குக் கிடா நேர்ந்துகொண்டார்.

வந்த ஒன்பதாம் நாள் ராத்திரி அவன் படுத்திருந்த இடத்திலிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம். குறட்டை இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது, கண்மணி ஊசிமுனை போல் சுருங்கியிருந்தது. டாக்ஸியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அபின் வகைப் போதையை முறிக்கும் நலாக்சோன் ஊசி போட்டு மூச்சைத் திருப்பினார்கள்.

பழைய அளவையே எடுத்திருக்கிறான் என்றார் டாக்டர். நாலு மாதம் விட்டதில் உடம்பு அதைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிட்டது, ஆசை மட்டும் அப்படியே இருந்திருக்கிறது. கர்த் மூளையில் மூச்சை நடத்தும் பகுதியையே மந்தமாக்கும். அதனால் ஊரிலிருந்தோ ஜெயிலிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ திரும்பி வரும் முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. எங்களுக்கு இதை யாரும் முன்பே சொல்லவில்லை.

2019-ல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, அபின் வகைப் போதையால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுபவர்கள் சுமார் 77 லட்சம் பேர். அதில் எத்தனை வீட்டில் இப்படி ரயில் டிக்கெட் எடுத்திருப்பார்களோ!

தம்பிக்கு அப்புறம் புப்ரினார்பின் கொடுத்தார்கள். நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட வேண்டிய மாத்திரை. டர்க்கி வராமல் பார்த்துக்கொள்ளும், ஏக்கத்தையும் அடக்கும். "ஒரு போதைக்குப் பதிலா இன்னொண்ணா?" என்று சித்தி ஒரு மாதம் சண்டை போட்டார். அவன் சோறு தின்று, தூங்கி, காலையில் சைக்கிளை எடுத்ததைப் பார்த்துத்தான் அடங்கினார். நடுவில் ஒருமுறை சறுக்கினான். இந்தத் தடவை அவனே வந்து சொன்னான்.

அந்த அம்மாவிடம் சித்தியையே கூட்டிப்போனேன். சித்தி, 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணைக் காலண்டர் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். "அனுப்புறதும் அனுப்பாததும் உன் இஷ்டம்க்கா. அதுக்கு முன்னாடி ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டிரு."

டிக்கெட்டை இன்னும் கேன்சல் பண்ணவில்லை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் சேர்ந்து போகிறோம், அந்தப் பையனும் வருகிறேன் என்றிருக்கிறான்.