ரீ-என்கோட் செய்யாமல் மெனுவோடு டிவிடி: நான் செய்த விதம்

டிவிடி ரெக்கார்டரில் பதிவான பழைய குடும்ப வீடியோக்கள் என்னிடம் நிறைய இருந்தன, எல்லாமே டிவிடிக்கான வீடியோ வடிவமான எம்பெக்-2. மெனு வைத்த டிவிடியாகப் போட்டுக் கொடுத்தால் ரிமோட்டிலேயே தேர்ந்தெடுத்துப் பார்த்துக்கொள்வேன் என்று அம்மா கேட்டார். நான் எடுத்த மென்பொருளோ ஃபைல்களை உள்ளே போட்டதும் எல்லாவற்றையும் மறுபடி என்கோட் செய்ய, அதாவது படத்தைப் புதிதாகச் சுருக்கி எழுத, கிளம்பிவிட்டது. ஏற்கெனவே டிவிடிக்கு ஏற்ற வடிவில் இருக்கும் படத்தை எதற்கு மறுபடி அரைக்க வேண்டும்? நேரமும் போகும், படமும் மங்கும். அதனால் அதை மூடிவிட்டு, வீடியோவைத் தொடாமல் மெனுவோடு டிவிடியாக அடுக்கித் தரும் டிவிடிஆத்தர் என்ற மென்பொருள் பக்கம் போனேன்.

முதலில் ஃபைல் தேறுமா என்று, வீடியோவின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் பார்த்துவிடுங்கள். டிவி முறைகள் இரண்டு, பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC). பால் முறை என்றால் 720, 704 அல்லது 352 அகலம், 576 உயரம், விநாடிக்கு 25 ஃபிரேம். என்டிஎஸ்சி என்றால் உயரம் 480, ஃபிரேம் 29.97. வீடியோ பிட்ரேட், அதாவது விநாடிக்கான டேட்டா அளவு, 9.8 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டக் கூடாது. ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும், 44.1 என்று இருந்தால் ஆடியோவை மட்டும் மாற்றினால் போதும், வீடியோவைத் தொட வேண்டாம். டிவி ஒளிபரப்பிலிருந்து பிடித்த 544க்கு 576 அளவு ஃபைல்கள் எம்பெக்-2 ஆகவே இருந்தாலும் டிவிடி விதிக்குள் வராது, அவற்றுக்கு என்கோட் தவிர வேறு வழியில்லை. எச்.264 என்ற புதிய வடிவ ஃபைல்களுக்கும் அதே கதிதான்.

தேறிய ஃபைல்களை எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியில் காப்பி முறையில், வெளியீட்டு வடிவம் டிவிடி என்று கொடுத்து எழுதிக்கொண்டேன். படம் அப்படியே இருக்கும், வீடியோவையும் ஆடியோவையும் சுமக்கும் ஃபைலின் பொதி மட்டும் மாறும். வீடியோவையும் ஆடியோவையும் தனித்தனியாகப் பிரித்து மறுபடி சேர்ப்பவர்களும் உண்டு, ஆனால் பிரிக்கும்போது இரண்டுக்கும் நடுவே இருந்த சின்ன நேர வித்தியாசம் தொலைந்து உதடும் பேச்சும் விலகிப்போக வாய்ப்புண்டு, அதனால் சேர்ந்தே இருக்கட்டும் என்பது என் கருத்து.

இந்த வேலையில் என்கோட் ஆவது மெனு ஒன்றுதான். ஒரு பின்னணிப் படத்தைச் சில விநாடி எம்பெக்-2 வீடியோவாக மாற்றி, சத்தமில்லாத ஆடியோ ஒன்றையும் சேர்த்தேன். ஆடியோவே இல்லாத மெனுவில் சில பிளேயர்கள் தடுமாறும். தேர்ந்தெடுத்த பொத்தான் ஒளிர்வதற்கு, டிவிடிஆத்தரோடு வரும் ஸ்பூமக்ஸ் என்ற கருவி. இங்கேதான் கவனம் வேண்டும்: ஒளிர்வுப் படத்தில் ஒளிபுகும் நிறத்தையும் சேர்த்து நான்கு நிறங்களுக்கு மேல் கூடாது, ஆகவே எழுத்தின் ஓரத்தை மென்மையாக்கும் ஆன்ட்டி-அலியாசிங்கை அணைத்துவிட்டு வரையுங்கள். பொத்தான்களின் மேல், கீழ் அளவுகள் இரட்டைப்படை எண்களாக இருக்கட்டும்.

அப்புறம் எதை எப்படி அடுக்குவது என்று டிவிடிஆத்தருக்குச் சொல்லும் எக்ஸ்எம்எல் ஃபைல். மெனு நிற்பதற்கு பாஸ் (pause) இடத்தில் இன்ஃப் (inf), ஒவ்வொரு பொத்தானுக்கும் ஜம்ப் டைட்டில் (jump title), வீடியோ முடிந்ததும் முதன்மை மெனுவுக்குத் திரும்ப கால் விஎம்ஜிஎம் மெனு (call vmgm menu). பால் அல்லது என்டிஎஸ்சி என்பதையும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் புதிய பதிப்புகள் வேலையைத் தொடங்கவே தொடங்காது. 4:3 வீடியோவையும் 16:9 வீடியோவையும் ஒரே டைட்டில்செட்டில், அதாவது டிவிடியில் வீடியோக்களை வைக்கும் ஒரே தொகுப்பில், கலக்கக் கூடாது, தனித்தனியாக வையுங்கள். அப்படி வைத்தால் ஒரு டைட்டில்செட்டிலிருந்து இன்னொன்றுக்கு நேராகத் தாவ முடியாது, முதன்மை மெனு வழியாகத்தான் போக வேண்டும். எனவே எல்லாப் பொத்தான்களையும் முதன்மை மெனுவிலேயே வைத்தேன், அதுதான் சிக்கலில்லாத வழி.

சுருக்காமல் போடுவதால் இடக் கணக்கு நம் பொறுப்பு. 4.7 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் 4.37 ஜிபி என்றுதான் காட்டும், எல்லா ஃபைல்களும் மெனுவும் அதற்குள் அடங்க வேண்டும். மீறினால் இரண்டாவது டிஸ்க் போடுங்கள், பிட்ரேட்டைக் குறைக்கப் போகாதீர்கள்.

கணினியின் விஎல்சி பிளேயரில் ஓடுகிறது என்று நம்பி நேராக எழுதிவிடாதீர்கள், அது எதையும் பொறுத்துக்கொள்ளும். மறுபடி எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ ஒன்றில் போட்டு, டிவியோடு இருக்கும் பிளேயரில் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். எழுதும்போது டேட்டா டிஸ்க் என்று கொடுக்காமல் டிவிடி-வீடியோ என்று தேர்ந்தெடுங்கள், அப்போதுதான் வீடியோ_டிஎஸ் ஃபோல்டரில் உள்ள ஐஎஃப்ஓவும் (மெனு, வரிசை விவரங்கள்) விஓபியும் (வீடியோ) பிளேயர் எதிர்பார்க்கும் வரிசையில் டிஸ்க்கில் உட்காரும்.