பேனர் ஓவியர் திரும்பி வந்த பள்ளிக்கூடம்

கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் இறங்கிய முதல் நாளே துவோல் ஸ்லெங் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கக் கூடாது. காலையில் நூடுல்ஸ் சூப்பை ருசித்துக் குடித்துவிட்டு டுக்டுக்கில் ஏறினேன். மதியம் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை.

பார்த்தால் பள்ளிக்கூடம் மாதிரியே இருக்கும். பள்ளிக்கூடமாக இருந்த இடம்தானே! மூன்று மாடிக் கட்டிடங்கள், நீள வராந்தா, முற்றத்தில் ஈழத்தலரி மரங்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் நாட்டைப் பிடித்து ஆண்ட கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் இது எஸ்-21 சிறை. உள்ளே போனவர்கள் பதினாலாயிரத்துக்கும் மேல். பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அறை அறையாகக் கைதிகளின் புகைப்படங்கள். சிறைக்காரர்களே எடுத்தவை. சட்டையில் எண் அட்டை. ஒரு பையனுக்குப் பன்னிரண்டு வயதுகூட இருக்காது. கேமராவின் வேலை அத்தோடு சரி. அப்புறம் நடந்ததைப் பார்க்க, இங்கே கைதியாக இருந்து பிழைத்த வான் நாத்தின் ஓவியங்களிடம்தான் போக வேண்டும்.

அவர் பட்டம்பாங்கில் சினிமா பேனர் வரைந்தவர். 1978 ஜனவரியில் இங்கே கொண்டுவந்தார்கள். வரையத் தெரியும் என்பதால், ஒரு புகைப்படத்தைக் கொடுத்து, கெமர் ரூஜ் தலைவர் போல் பாட்டைப் பெரிதாக வரையச் சொன்னார்கள். பிடிக்காமல் போயிருந்தால் கதை முடிந்தது. கொல்ல வேண்டியவர்கள் பட்டியலில் இருந்தவரை, சிறைத் தலைவர் டுச் ஓவியத்துக்காக விட்டுவைத்தார்.

1979-இல் கெமர் ரூஜ் ஆட்சி விழுந்தது, சிறையும் முடிந்தது. அடுத்த வருடமே வான் நாத் இதே கட்டிடத்துக்குத் திரும்பி வந்து வரைய ஆரம்பித்தார். நானாக இருந்தால் இந்தத் தெருப்பக்கமே வந்திருக்க மாட்டேன்.

ஓவியங்களில் நளினம் எல்லாம் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தாலும் புரிய வேண்டும் என்று வரையும் பேனர்க்காரரின் கை. காலில் இரும்புக் கம்பி பூட்டி வரிசையாகக் கிடக்கும் எலும்பு உடம்புகள். ஒருவரைப் பன்றியைப் போலக் கம்பில் கட்டி இருவர் தூக்கிப் போகிறார்கள். தண்ணீர்ச் சித்திரவதை ஓவியத்துக்குப் பக்கத்திலேயே, கைதியைக் கட்டிவைத்த அந்தப் பலகையும் இருக்கிறது.

இந்தச் சிறையைப் பற்றிக் கம்போடிய இயக்குநர் ரித்தி பான் 2003-இல் வெளியிட்ட ஆவணப்படத்தைக் கிளம்பும் முன்பே பார்த்திருந்தேன். அதில் வான் நாத், பழைய காவலர்களிடம் தன் ஓவியத்தைக் காட்டிக் கேள்வி கேட்கிறார், குரலை உயர்த்தாமல். ஒரு காவலர் காலி அறையில் தன் பழைய வேலையை அப்படியே செய்துகாட்டுகிறார். இல்லாத கைதிகளை அதட்டுகிறார், இல்லாத பூட்டை இழுத்துப் பார்க்கிறார். அந்த வராந்தாவில் நடக்கும்போது என் செருப்புச் சத்தமே எனக்குத் தாங்கவில்லை.

2009-இல் டுச்சின் வழக்கில் வான் நாத் சாட்சி சொன்னார். 2011-இல் இறந்துபோனார்.

வெளியே டுக்டுக்காரர் காத்திருந்தார். கைதிகளை இங்கிருந்து கொல்லக் கொண்டுபோன சோயங் ஏக்கின் படத்தைக் காட்டி, போகலாமா என்று கேட்டார்.

நாளைக்கு என்றேன்.